தலைகீழாக இறங்கும் குருவி

என் வீட்டுக்காரருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எங்கள் தோட்டத்தில் முடிவு கட்டியது ஒரு குருவியை வைத்துத்தான். சிட்டுக்குருவி அளவுகூட இல்லாத குருவி. அது மாமரத்தில் தலைகீழாக இறங்கி வருகிறது என்று அவர் சொன்னார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்காக அவரைக் காவிரிக்கரைக் கோயில் ஒன்றில் நாற்பத்தெட்டு நாள் விட்டுவிட்டு வர ஏற்பாடு நடந்தது. இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்துப்போன வருஷங்கள். கிணறு வற்றிய ஊர்களுக்கெல்லாம் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் அப்படி ஒரு வண்டியில் டிரில்லர். பூமியில் குழாய் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை வைத்தே கீழே என்ன பாறை என்று சொல்லுகிறவர். வருஷத்தில் பத்து மாதம் வடக்கே கிடப்பார். ஒருநாள் மராட்டியப் பக்கம் ஏதோ ஊரில் இரும்பு ராடு கழற்றும்போது அது நழுவி அவர் இடுப்பில் அடித்துத் தள்ளியது. விழுந்ததில் தலை வண்டிச் சட்டத்தில் மோதியது. அங்கே கட்டுப்போட்டு, சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

முதல் நாலைந்து நாள் அவர் பேச்சு தாறுமாறாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஊசி போட வந்த நர்ஸிடம், "எத்தன அடி போயிருக்குது? பாறை மாறிருச்சா?" என்று கேட்டார். தலையைத் தடவிய பெற்ற தாயைப் பார்த்து, "ராடைக் கழட்டாதடா!" என்று அதட்டினார். பிறகு தெளிந்துவிட்டது. தலைக்கு ஒன்றுமில்லை, இடுப்பெலும்பு கூடவேண்டும், மூன்று மாதம் புரளாமல் மல்லாந்தே கிடக்கவேண்டும் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். ஆனால் என் மாமியார் மனதில் அந்த அதட்டல் மட்டும் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் மகனுக்குச் சோறூட்டும்போது, அவர் வாயைத் திறந்தால் சோற்றைப் பார்க்காமல் கண்ணைப் பார்ப்பார்.

எங்கள் தோட்டம் ராசிபுரத்துக்குத் தெற்கே, மலை அடிவாரத்தை ஒட்டி இருந்தது. வீட்டின் கதவு குறுகல். நெஞ்சுக்குக் கீழிருந்து ஒரு கால் முழுக்க மாவுக்கட்டோடு பலகையில் கிடந்த மனிதரை எப்படித் திருப்பினாலும் உள்ளே கொண்டுபோக முடியவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வாசலில் அரைமணி நேரம் மல்லுக்கட்டினார்கள். "நான் என்ன பீரோவா?" என்று அவர் கத்தினார். கடைசியில் முன்னால் இருந்த பழைய மாமரத்தடியில் பலகைக் கட்டிலைப் போட்டு, மூன்று பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, அங்கேயே அவரைக் குடிவைத்தோம். தலைமாட்டில் மரம். கால்மாட்டில் மாட்டுக்கட்டுத்தறி. மல்லாந்து கிடந்தால் கண்ணுக்குத் தெரிவது மரத்தின் தண்டும் கிளையும்தான்.

வந்து மூன்று வாரம் போயிருக்கும். நான் தண்ணீர்க் குடத்தோடு போகும்போது கூப்பிட்டார்.

"இங்க பாரு புள்ள, இந்தத் தண்டுல ஒரு குருவி தலகீழா எறங்குது."

நான் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எறும்பு போய்க்கொண்டிருந்தது. மறுநாளும் சொன்னார். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "அது அணிலுங் கண்ணு" என்றார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அணிலும் குருவியும் அவருக்கு ஒன்றுதான்.

"அணிலுக்கு றெக்கை இருக்குதாம்மா?" என்று இவர் கேட்டார். இவருக்கு மூக்கின்மேல் கோபம்.

மாமியார் நேராக அடுப்படிக்கு வந்தார். "அணிலுக்கு றெக்கை இருக்குதான்னு கேக்கறான் சாமி" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அன்று பொழுதிறங்குவதற்குள் அந்த வார்த்தை பால் கறக்க வந்தவர்கள் வரைக்கும் போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். குருவி பறந்து வரும், கிளையில் உட்காரும். மரங்கொத்தி என்றால் தண்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். அதுவும் இறங்கவேண்டுமென்றால் பின்பக்கமாகத்தான் இறங்கும். தலையைக் கீழே வைத்துக்கொண்டு படியிறங்குகிற மாதிரி ஒரு குருவி வரும் என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. என் மாமனாரிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. அவர் பேசுவது குறைவு. பேசினால் அதற்குமேல் யாரும் பேசக்கூடாது.

"தலமாட்டுல மரம் இருக்குது. அவன் மல்லாந்துக்கிட்டுப் பாக்கறான். அவனுக்கு எல்லாமே தலகீழாத்தான் தெரியும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "ஆனா அதுகூடவா அவனுக்குத் தெரியாது அம்மிணி?" என்றார். அந்தக் கேள்விதான் அவரை அரித்தது.

நான் செய்ததைச் சொல்லவேண்டும். அடுத்த நாள் என் வீட்டுக்காரர் மறுபடி, "இப்பப் பாத்தியா?" என்று கேட்டபோது, பாவம், எத்தனை நாள்தான் இல்லை இல்லை என்பது என்று நினைத்து, "ஆமாங்க, பாத்தேன். அழகா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"மேலதானுங்க" என்றேன்.

புரள முடியாத மனிதர், கழுத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மதியம் நான் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார், மோரைக் குடித்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டின பெண்டாட்டி தன்னைப் பைத்தியத்தைச் சமாளிப்பதுபோலச் சமாளிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இதைவிட நான் அவரைக் கேவலப்படுத்தியிருக்க முடியாது.

அதற்குள் மாமனார் குலதெய்வக் கோயிலில் போய்ப் பூக் கேட்டுவிட்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் அப்படித்தான். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். நினைத்த பூ வந்தால் சாமி உத்தரவு. காவிரிக்கரைக் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். நினைத்தபடியே வெள்ளை வந்தது. அந்தக் கோயிலில் புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோய் நாற்பத்தெட்டு நாள் வைப்பார்கள். காலையும் மாலையும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். சித்திரைக் கடைசியில் மாவுக்கட்டைப் பிரித்ததும், வைகாசி முதல் சனிக்கிழமை போவது என்று முடிவானது.

கோயிலை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே போய்த் தெளிந்து வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். என் பயம் வேறு. ரிக் வேலையில் டிரில்லரை நம்பித்தான் நாலு பேர் வண்டிக்கு அடியில் நிற்கிறார்கள். அவர் கை தப்பினால் அவர்கள் கதி அதோகதி. 'கோயில்ல வெச்சிருந்த ஆளு' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் எந்த வண்டியிலும் அவரைக் கைப்பிடி அருகே விடமாட்டார்கள். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அதில் அவருக்கு இருந்த பெருமைக்கு அளவே கிடையாது. இடுப்பு கூடிவிடும், தொழில் போய்விட்டால் மனிதர் கூடமாட்டார்.

அவரிடம் யாரும் சொல்லவில்லை. காதும் காதும் வைத்தாற்போல் பேசுவதாக நினைத்துக்கொண்டு தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்கள். தென்னங்கீற்று என்ன, சுவரா? எல்லாம் அவர் காதில் விழுந்தது.

அந்த வாரம் ஒருநாள் காலை, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து விதைக்கு வைத்திருந்த கடலைக்காயை உரித்துக்கொண்டிருந்தேன். பேச்சு வார்த்தை அதிகமில்லை. அவர் கையை நீட்டினார். தின்னத்தான் கேட்கிறார் என்று நாலு பருப்பு கொடுத்தேன். அவர் ஒரு பருப்பைப் பல்லால் உடைத்து, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், தடவித் தடவி மரப்பட்டை வெடிப்பில் செருகினார்.

"சித்த அப்படியே இரு. அசையாத. மேல பாக்காத, பருப்பையே பாரு."

பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போனது. உச்சியில் எங்கோ 'ச்சிட் ச்சிட்' என்று ஒரு சத்தம். அப்புறம் என் கண்ணெதிரே, பருப்புக்கு இரண்டு முழம் மேலே, ஒரு குருவி. சாம்பலும் நீலமும் கலந்த முதுகு. வயிறு சுட்ட செங்கல் நிறம். கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கோடு. தலை நேராகத் தரையைப் பார்த்து இருந்தது. ஒரு காலை மேலே கொக்கிபோல மாட்டிக்கொண்டு, மறு காலைக் கீழே ஊன்றி, தத்தித் தத்தி இறங்கியது. இறங்கி வந்து பருப்பை 'டக் டக் டக்' என்று கொத்தியது. தலைகீழாகவே கொத்தி, தலைகீழாகவே தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தது. பருப்பை வாயில் வாங்கிக்கொண்டு பறந்தது.

"பாத்துட்டனுங்க" என்றேன்.

"தலை எந்தப் பக்கம்?"

"கீழுக்குங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. மல்லாந்து கிடப்பவர் அழுதால் அப்படித்தான். முந்தானையால் துடைத்துவிட்டேன். "ரிக் குருவி" என்றார் கொஞ்சநேரம் கழித்து. "டக் டக்குனு எறங்குது பாரு. ஒரு அடி போறதுக்கு எத்தன அடி அடிக்குது!" அதற்குப் பசையெடுப்பான் என்று ஒரு பெயர் இருப்பதாகப் பல வருஷம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அது ரிக் குருவிதான்.

நான் ஓடிப்போய் மாமனாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ நல்ல புள்ள அம்மிணி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனை விட்டுக்கொடுக்காத பெண்டாட்டி என்று மெச்சுகிறாராம்! என் கண் எதற்கு இருக்கிறது? ஆனால் முந்தின வாரம் பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் சொன்னதும் அவர் காதில் விழுந்துதானே இருக்கும். ஒருமுறை பொய் சொன்ன வாய்.

"வந்து பாருங்க மாமா" என்று விடாமல் நச்சரித்ததில் ஒருநாள் வந்தார். தோளில் துண்டோடு மரத்தைப் பார்த்து விறைப்பாக நின்றார், கனைத்தார், துண்டை உதறினார். குருவி வருமா? கால் மணி நேரம் நின்றுவிட்டு, தண்ணீர் கட்டவேண்டும் என்று போய்விட்டார். மகன் சொல்லைக் கேட்டு மரத்தை வெறித்துக்கொண்டு நிற்பதை யாராவது பார்த்தால் தன்னையும் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருப்பார்.

அப்போதுதான் எனக்குக் கேமரா ஞாபகம் வந்தது. என் தம்பி ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு பெட்டிக் கேமரா உண்டு. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். சொல்லியனுப்பியதும் கொண்டுவந்தான். ஒரு காதுகுத்தில் ஏழு படம் எடுத்துவிட்டு மீதி ஐந்து உள்ளே இருந்தது. "வெயில் முதுகுப் பக்கம் இருக்கோணும். ஆறடிக்குக் கிட்டப் போகாதக்கா, மங்கிரும். மூச்சை அடக்கிக்கிட்டு அமுத்து" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனான்.

நிழல் மரத்தில் வெயிலுக்கு எங்கே போவது? நான்கு நாள் கவனித்ததில், காலை எட்டரை மணி வாக்கில் கிழக்கே இருந்த இரண்டு தென்னைகளுக்கு நடுவே வெயில் புகுந்து, மாமரத் தண்டின்மேல் கால் மணி நேரம் விழுவது தெரிந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் குருவி வரவேண்டும். அவர் கட்டிலில் இருந்தபடி, வெயில் விழும் இடத்திலேயே கைக்கெட்டும் வெடிப்பில் பருப்பு வைத்துப் பழக்கினார். ஆறடிக்கு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு, மரத்திலிருந்து அளந்து, அங்கே ஒரு முக்காலியைப் போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். எட்டரை மணி என்பது ஒரு குடியானவன் வீட்டில் பெண்பிள்ளை முக்காலியில் உட்காரும் நேரமா? மாமியார் சாணிக்கூடையோடு குறுக்கே போவார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார். மகன் போதாதென்று மருமகளுமா என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

முதல் படம் கை ஆடிப் போயிற்று. இரண்டாவதில் வெறும் மரம். மூன்றாவதில் வால் மட்டும். பெட்டிக் கேமராவில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, படத்தில் விழுவது கொஞ்சம் தள்ளி என்று எனக்குத் தெரியாது. நான்காவதும் ஐந்தாவதும் குருவி பருப்பைக் கொத்தக் கழுத்தை மடக்கிய நேரத்தில் எடுத்தது. அமுத்தியதுமே நன்றாக விழுந்துவிட்டது என்று உள்ளுக்குள் தெரிந்தது. ரோலை ராசிபுரத்துக்குப் போகிற ஆளிடம் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஸ்டூடியோவில், நல்லதாக விழுந்த ஒன்றைப் பெரிதாகப் போட்டு அட்டையில் ஒட்டித் தரச் சொல்லியனுப்பினேன்.

அந்த ஸ்டூடியோக்காரர் கைதேர்ந்த ஆள். அந்த வட்டாரத்தில் செத்துப்போனவர்களுக்குப் படம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத பெரியவர்களைப் பாடையில் வைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். இவர் மூடியிருக்கும் கண்ணைத் தூரிகையால் திறந்து, காதில் கடுக்கன் போட்டு, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி செய்து கொடுத்துவிடுவார். சாய்ந்ததை நிமிர்த்துவது அவர் தொழில். ஒரு வாரம் கழித்து என் படம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். என்ன அழகு! ஓரமெல்லாம் வெட்டி, நாலு பக்கமும் வெள்ளைக் கரை விட்டு, கனத்த அட்டையில் ஒட்டி, கீழே ஸ்டூடியோ முத்திரையும் குத்தி, நடுவில் கட்டைவிரல் அளவுக் குருவி. தலை மேலே. வால் கீழே. சமர்த்தாக மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கொண்டுவந்த ஆள், ஸ்டூடியோக்காரர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். "பாப்பா எடுத்த போட்டோ கவுந்து உளுந்திருந்துச்சாமா. அவரு நேராக்கிப் போட்டிருக்கறாராம். பயப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு."

நான் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மாமனாரிடம் போனேன். அவர் வாங்கினார். முத்திரை மேலே, தலைகீழாக இருந்தது. அதைப் பார்த்து, அட்டையை நேராகத் திருப்பினார். "நல்லாத்தானே உக்காந்திருக்குது" என்றார்.

"இல்லீங்க மாமா, இப்படி" என்று திருப்பினேன்.

அவர் மறுபடி நேராக்கினார். நான் மறுபடி கவிழ்த்தேன். மாமியார் பக்கத்தில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோவத் தலகீழாப் புடிச்சா என்ற படமும் தலகீழாத்தான் தெரியும் அம்மிணி" என்று மாமனார் சொன்னார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை. "வெசனப்படாத. எல்லாம் சரியாப் போயிரும். இன்னும் மூணு வாரந்தானே?" என்றார்.

நான் அட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தேன். ஸ்டூடியோக்காரரை வாயில் வந்தபடி திட்டினேன். அவர் கை விளங்காமல் போக என்றுகூடச் சொல்லிவிட்டேன், பாவம். என் வீட்டுக்காரர் படத்தை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்ட பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரித்தால் இடுப்பு வலிக்கும். வலியில் "ஐயோ, ஐயோ" என்று முனகிக்கொண்டே சிரித்தார். "செத்தவனுக்கே கண்ணத் தொறந்து உடறவன் புள்ள! குருவிய உட்ருவானா?"

எனக்கு அழுகை. அவருக்குச் சிரிப்பு. அது அடங்கியதும் அவர் மேலே கிளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "என்ற வேலைப் பையில தூக்குக்குண்டு இருக்குதா பாரு" என்றார்.

தூக்குக்குண்டு என்றால் கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தக் குண்டு. ரிக்கிலும் அது வேண்டும். வண்டியின் கோபுரத்தை நிமிர்த்தியதும் குண்டு விட்டுப் பார்க்காமல் துளை போட ஆரம்பிக்கமாட்டார்கள். மேலே நூல் அளவு சாய்ந்திருந்தால் முந்நூறு அடிக்குக் கீழே குழாய் எங்கோ போய்ச் சிக்கிக்கொள்ளும். அவருடைய பித்தளைக் குண்டு பைக்குள் பத்திரமாக இருந்தது.

"இதக் குருவி வர்ற எடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டி உடு. கயிறு கறுப்பா இருந்தா மரத்தோட மரமாப் போயிரும், சுண்ணாம்பு தடவிக்க. குருவியும் குண்டும் ஒரே படத்துல உளுகோணும். அப்பறம் எவன் எப்படித் திருப்புனாலும் சரி. குண்டு கீழுக்குத்தான் தொங்கும். மேலுக்குத் தொங்குற குண்ட எவனும் பாத்ததில்ல."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இந்த மனிதரையா கோயிலில் விட்டுவிட்டு வரப்போகிறார்கள்? ஊரில் இத்தனை தெளிவான தலை வேறு யாருக்கு இருக்கிறது?

குண்டைக் கட்டியதும் குருவி வரவில்லை. மின்னுகிற அந்தப் பித்தளையைப் பார்த்துப் பாதி வழியில் நின்று, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு மேலே ஓடிவிட்டது. இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் குண்டைக் கழற்றி, கயிற்றில் ஒரு சின்னக் கல்லைக் கட்டச் சொன்னார். கல்லுக்குப் பழகிவிட்டது. பிறகு குண்டின்மேல் சாணியைப் பூசி மினுக்கத்தை மறைத்துக் கட்டினோம். அதற்குள் தம்பி ஒரு புது ரோல் வாங்கி வந்து கொடுத்திருந்தான். தினம் அந்தக் கால் மணி நேரம். மேகம் மறைத்தால் அன்றைய நாள் போச்சு. ஒருநாள் எல்லாம் கூடிவந்த நேரத்தில் எருமை கத்திக் குருவியை ஓட்டியது. அந்த எருமையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பன்னிரண்டையும் எடுத்து முடித்தபோது மாவுக்கட்டுப் பிரிக்க ஒரு வாரம்தான் இருந்தது.

இந்த முறை யாரையும் நம்பவில்லை. நானே பஸ் ஏறி ராசிபுரம் போனேன். ஸ்டூடியோக்காரரிடம், "கொஞ்சங்கூட வெட்டாமப் போடோணுமுங்க. உளுந்தது உளுந்தபடி" என்றேன். அவர் ஈரம் சொட்டும் படத்தைக் கொண்டுவந்து நேராக்குகிறேன் என்று திருப்பினார். குண்டு கயிற்றுக்கு மேலே, ஆகாயத்தில் நின்றது. மறுபடி திருப்பினார். குண்டு தொங்கியது, குருவி கவிழ்ந்தது. இன்னொரு முறை திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இது நெசமாலுமே இப்படித்தான் நிக்குதுங்களா?"

"ஆமாங்க."

"முப்பது வருசமாப் படம் போடறேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அட்டையில் ஒட்டும்போது, முத்திரையை எங்கே குத்துவது என்று என்னிடமே கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம் கொடுத்தேன். அவர் கிணறு வெட்டியவர், இந்த வீட்டின் சுவரைக் கொத்தனாரோடு கூட நின்று எழுப்பியவர். படத்தை வாங்கி, வழக்கப்படி குருவியை நிமிர்த்தினார். கை அப்படியே நின்றது. மெதுவாகத் திருப்பினார். குருவியைப் பார்க்கவே இல்லை, கயிற்றையும் குண்டையும்தான் பார்த்தார். கட்டைவிரலால் கயிற்றின்மேல் மேலிருந்து கீழே தடவினார்.

"குண்டு கட்டோணும்னு யாரு சொன்னது?"

"அவருதானுங்க. கயித்துக்குச் சுண்ணாம்பு தடவச் சொன்னதும் அவருதானுங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். படத்தை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. நேராக மாமரத்தடிக்கு நடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். மகன் படுத்த படுக்கையாகக் கிடந்த இத்தனை நாளில் அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார். படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மாமனார் கேட்டார்.

"மேக்காலக் கெணத்துல அடிப்பாறை வந்துருச்சு. பக்கவாட்டுல சைடு போரு போட்டாத் தண்ணி வருமா, நேராவே எறக்கோணுமா? நீ என்ன சொல்ற?"

பைத்தியக்காரனிடம் யாரும் கிணற்றைப் பற்றி யோசனை கேட்பதில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே என் வீட்டுக்காரர் பாறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அரைமணி நேரம் சொன்னார். மாமனார் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டார்.

மாமியாருக்குத்தான் கவலை. சாமி உத்தரவு கொடுத்துவிட்டதே, போகாவிட்டால் குற்றமாகிவிடாதா? அதற்கும் மாமனாரே வழி சொன்னார். "சாமி போகத்தான் சொல்லுச்சு. உட்டுட்டு வரச் சொல்லுல." வைகாசியில் எல்லோருமாகப் போய், சாமி கும்பிட்டு, என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு நடந்து வண்டி ஏற, கூடவே கூட்டிக்கொண்டு திரும்பினோம். அடுத்த தை மாதம் அவர் ரிக்குக்குப் போய்விட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. மாமனார் எழுந்து போன அன்று மதியம், நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் போனேன். "பாத்தீங்களா, கடைசில நம்புனாரா இல்லையா?" என்றேன். ஊட்டிவிட்டேன். இரண்டு வாய் வாங்கினார்.

"அப்பனுக்குப் போட்டோ வேண்டியிருந்துச்சு" என்றார். "ஒனக்குக் குருவி வேண்டியிருந்துச்சு. நாஞ் சொன்னது போதும்னு ஒருத்தருக்கும் தோணுலியே புள்ள."

நான் வாயாடி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் என்று என் பிறந்த வீட்டிலேயே பேர். அன்று கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "தப்புத்தானுங்க" என்று கடைசியில் சொன்னேன். அவர் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, போகட்டும் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்குமேல் ஒன்றாக இருந்தோம். அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் எனக்குப் பதில் சொல்லவே இல்லை.